குழாயில் இருப்பது தூசியா, ஈரமா?
ஹூஸ்டன் புறநகர் வீடுகளும் டக்ட் சுத்திகரிப்பு பற்றிய முப்பதாண்டு விவாதமும்

வீட்டுக்குள் குளிர்காற்றைக் கொண்டுவரும் டக்ட் குழாய்களை ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமா? அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. தொழில்துறைச் சங்கம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அரசின் சுற்றுச்சூழல் முகமை அதைவிட நிதானமான பதில் ஒன்றைத் தருகிறது. கட்டடப் பொறியாளர்கள், குழாயைப் பார்ப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள் என்கிறார்கள். பூஞ்சையையும் ஆஸ்துமாவையும் ஆராய்பவர்களின் கவலை வேறு. இத்தனை பேர் பேசியும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தெளிவான முடிவு கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பதில்களில் பெரும்பகுதி குளிர்ப் பிரதேசத்திலும் மிதமான பிரதேசத்திலும் திரட்டப்பட்ட தரவுகளிலிருந்து வந்தவை. கேள்வி அதிகமாக எழுவதோ மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய புழுக்கமான புறநகர்களில்.

அந்தப் புறநகர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் விவாதத்தின் மேடு பள்ளங்கள் தெரியும். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரைச் சுற்றியுள்ள கேட்டி, சுகர் லேண்ட், பேர்லாந்து போன்ற ஊர்கள் அதற்குப் பொருத்தமானவை. பேர்லாந்தின் மீனாட்சி கோவிலை அறிந்த தமிழர்களுக்கு இந்த வீடுகளின் அமைப்பும் பழக்கமானதாகவே இருக்கும்.

வீட்டின் அமைப்பு

சென்னை வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு ஸ்பிலிட் ஏ.சி. மாட்டியிருக்கும், அதில் டக்ட் கிடையாது. ஹூஸ்டன் புறநகர் வீட்டில் முழு வீட்டுக்கும் ஒன்றோ இரண்டோ இயந்திரங்கள்தான். நிலத்தடி அறை இல்லாமல் கான்கிரீட் தளத்தின் மீது நேரடியாகக் கட்டப்பட்ட வீடுகள் அவை என்பதால், இயந்திரத்தின் உட்பகுதியும் குழாய்களும் பெரும்பாலும் கூரைக்கடியில் உள்ள அட்டிக் எனும் பரணில் இருக்கும். அறைகளிலிருந்து காற்றை ரிட்டர்ன் குழாய் இழுக்கும். ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று, ப்ளோயர் விசிறியால் தள்ளப்பட்டு, கூலிங் காயிலில் குளிர்ந்து, சப்ளை குழாய்கள் வழியாக அறைக் கூரைகளில் உள்ள சல்லடைகளில் இறங்கும்.

இந்தக் குழாய்களில் கணிசமானவை தகரக் குழாய்களே அல்ல. கம்பிச் சுருளின் மேல் இழுத்துப் போர்த்திய மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றி ஃபைபர் கிளாஸ் பஞ்சு, அதற்கும் மேலே ஈரம் புகாத பளபளப்பான தாள் என மூன்று அடுக்குகளால் ஆன ஃப்ளெக்ஸ் டக்ட் அது. கையால் அழுத்தினால் நசுங்கும். கூர்மையான எதுவும் பட்டால் கிழியும். உள்ளே வளையங்கள் இருப்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் தூசி தங்கும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் சுத்திகரிப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இனி வெப்பநிலைகள். கோடையில் பரணின் காற்று 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழாய்க்குள் ஓடும் காற்று 13 டிகிரி அளவில் இருக்கும். வெளிக்காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை ஹூஸ்டன் கோடையில் சுமார் 24 டிகிரி. ஆகவே 24 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பை அந்த வெளிக்காற்று தொட்டாலும் அங்கே நீர் கோக்கும். பஞ்சு கிழிந்த இடம், இணைப்பு விலகிய இடம், சல்லடையின் இரும்பு விளிம்பு ஆகியவை ஆறேழு மாதங்களுக்கு நனைந்துகொண்டே இருக்கக்கூடியவை.

கேள்வி எங்கிருந்து வந்தது?

1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கக் கட்டடங்கள் காற்று புகாமல் இறுக்கமாகக் கட்டப்பட்டன. குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே 1981-ல் வெளியிட்ட தரநிர்ணயம், புகை பிடிக்காத அலுவலகத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. அதற்கு முன்பே 1976-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய லெஜியனேர் நோய், குளிரூட்டும் இயந்திரங்களிலிருந்தும் நோய் வரலாம் என்ற அச்சத்தை மக்களிடம் ஏற்படுத்தியிருந்தது. 1980-களில் 'நோயுற்ற கட்டடம்' என்ற தொடர் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகள் வரை சென்றது. 1989-ல் ஆஷ்ரே தன் குறைந்தபட்ச அளவை ஒருவருக்கு 15 கன அடியாக உயர்த்தியது. அதே ஆண்டில்தான் நாட்கா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் காற்றுக்குழாய்ச் சுத்திகரிப்பாளர் சங்கம் தோன்றியது.

இந்தப் பின்னணியைக் கவனிக்க வேண்டும். அச்சம் அலுவலகக் கட்டடங்களிலும் ஹோட்டல்களிலும் பிறந்தது. தொழில் பின்னர் வீடுகளுக்கு விரிந்தது. லெஜியனேர் நோயின் கிருமி நீரில் வளர்வது. உலர்ந்த குழாயில் படிந்த வீட்டுத் தூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பொதுப்பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்தக் கலப்பு இன்றுவரை முழுமையாகப் பிரியவில்லை.

தொழில்துறையின் நிலைப்பாடு

நாட்காவின் வாதத்தை நியாயமாக எடுத்துவைத்தால் இப்படி வரும். வீட்டின் காற்று ஒரு நாளில் பலமுறை இந்த அமைப்பின் ஊடே செல்கிறது. அதில் அழுக்கு சேர்ந்தால் ஒரு பகுதியாவது காற்றில் கலக்கும். எனவே ஆண்டுதோறும் பரிசோதனையும், தேவைப்படும்போது முழு அமைப்பின் சுத்திகரிப்பும் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பது துறையினர் பலரும் சொல்லும் கணக்கு.

சங்கத்தின் தரநிர்ணயம் குறிப்பிடும் முறையிலும் தர்க்கம் இருக்கிறது. குழாய்த் தொகுதியோடு பெரிய வேக்குவம் இயந்திரத்தை இணைத்து, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, தூசி வீட்டுக்குள் பறக்காமல் இழுக்கிறார்கள். பிறகு சுழலும் பிரஷ்ஷாலோ அழுத்தக் காற்றாலோ உட்புறச் சுவரிலிருந்து அழுக்கைப் பிரிக்கிறார்கள். காயில், தண்ணீர்த் தட்டு, ப்ளோயர் மூன்றும் இதில் அடங்கியாக வேண்டும். ஒரு வீட்டுக்கு இது பல மணி நேர வேலை. ஒரு குளிரூட்டும் அமைப்புக்கு 450 முதல் 1,000 டாலர் வரை ஆகலாம் என்று அரசின் சுற்றுச்சூழல் முகமை வீட்டு உரிமையாளர்களுக்கு வெளியிட்ட கையேடு சொல்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது, அழுக்கு இருப்பதும் அது மூச்சில் கலப்பதும் ஒன்றல்ல. குழாய்ச் சுவரில் ஒட்டிய தூசியின் பெரும்பகுதி அங்கேயே கிடக்கிறது. இரண்டாவது, தரநிர்ணயம் தகரக் குழாயை மனதில் வைத்து வளர்ந்தது. பலமான பிரஷ் ஃப்ளெக்ஸ் டக்டின் உள்ளுறையைக் கிழித்தால், இதுவரை இல்லாத ஒரு கசிவு அன்றைக்குத் தொடங்குகிறது. தேர்ந்த தொழிலாளர் இதை அறிந்து மென்மையான கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஃப்ளெக்ஸைச் சுத்தம் செய்வதைவிட மாற்றிவிடச் சொல்பவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்களை இந்த விவாதம் போதிய அளவு மதிப்பதில்லை.

இன்னொரு பக்கம், இந்தத் தொழிலின் பெயரைக் கெடுப்பது கூப்பன் வியாபாரம். 'முழு வீடும் 99 டாலர்' போன்ற துண்டுச்சீட்டோடு வருபவர்கள் சாதாரண வேக்குவம் ஒன்றைச் சல்லடை வாயில் வைத்து அரை மணியில் முடித்துவிடுவார்கள். அல்லது வந்ததும் பூஞ்சை கண்டுவிட்டதாகச் சொல்லி விலையைப் பல மடங்கு ஏற்றுவார்கள். நாட்காவே இதைக் கண்டித்துப் பேசுகிறது. சுற்றுச்சூழல் முகமை எந்த நிறுவனத்துக்கும் சான்று வழங்குவதில்லை. ஆனாலும் அதன் பெயரைச் சொல்லி விற்பவர்கள் இருப்பதால், தன் கையேட்டில் அதை வெளிப்படையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

அரசு முகமையின் தயக்கம்

1997-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. வீட்டு உரிமையாளர்களுக்காக ஒரு சிறு கையேடு வெளியிட்டது. குழாய்ச் சுத்திகரிப்பு நோயைத் தடுத்ததாக நிரூபிக்கப்பட்டதில்லை என்றும், குழாய் அழுக்காக இருந்தால் வீட்டின் தூசி அளவு கூடும் என்பதற்கும் முடிவான சான்று இல்லை என்றும் அது கூறியது. ஆகவே வழக்கமான இடைவெளியில் செய்யும் சுத்திகரிப்பை அது பரிந்துரைக்கவில்லை. மூன்று நிலைமைகளில் மட்டும் யோசிக்கச் சொன்னது: கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை கணிசமாக வளர்ந்திருந்தால், எலியோ பூச்சியோ குடியேறியிருந்தால், குழாய் அடைபட்டு அழுக்கு அறைக்குள் வெளியேறினால்.

இந்தக் கையேட்டின் பின்னால் களஆய்வும் இருந்தது. 1990-களின் நடுவில் இ.பி.ஏ. நாட்காவோடு சேர்ந்து வட கரோலினாவில் ஒன்பது வீடுகளை எடுத்து, தேர்ந்த குழுக்களைக் கொண்டு சுத்தம் செய்வித்து, முன்னும் பின்னும் அளந்தது. குழாய்ப் பரப்பிலிருந்த அழுக்கு அகன்றது. அறைக்காற்றில் அதற்கேற்ற தெளிவான மாற்றம் தெரியவில்லை. கனடாவின் அடமான வீட்டுவசதிக் கழகம் நடத்திய ஆய்வும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தது.

ஆனால் கனடாவின் வீடு வேறு, சுகர் லேண்டின் வீடு வேறு. அங்கே குழாய்கள் பெரும்பாலும் நிலத்தடி அறையில் இருக்கும் தகரக் குழாய்கள். ஆண்டின் பெரும்பகுதி சூடான உலர்காற்றைச் சுமப்பவை. அங்கே கிடைத்த 'பயனில்லை' என்ற முடிவை வளைகுடாக் கரைக்கு அப்படியே கொண்டுவருவது அவசரம்.

வெப்ப ஈரப் பகுதிக்கு நெருக்கமான தரவு புளோரிடாவிலிருந்து வந்தது. மயாமியில் உள்ள புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட கட்டுரை, ஒரே மாதிரியான எட்டு வீடுகளில் மூன்று வகைச் சுத்திகரிப்பு முறைகளை ஒப்பிட்டது. சுத்தம் செய்யும் வேளையில் காற்றில் துகள்கள் கூடின. பிந்தைய அளவீடுகளில் முறைக்கு முறை வேறுபாடு இருந்தது. சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சுத்தம் முடிந்த அடுத்த சில நாட்களோடு அளவீடு நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்து, அடுத்த கோடையின் நடுவில் அதே வீடுகள் எப்படி இருந்தன என்பதே புறநகர்க் குடும்பத்துக்குத் தேவையான தகவல்.

2010-ல் 'இண்டோர் ஏர்' என்னும் ஆய்விதழில் வந்த திறனாய்வு ஒன்று அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. குழாய்கள் மாசின் சேமிப்பிடமாக இருக்கக்கூடும். சுத்திகரிப்பின் திறன் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் மாறுகிறது. உடல்நலப் பயனுக்கான சான்று போதவில்லை என்பது அதன் சாரம். தயக்கக்காரர்களுக்கும் தொழில்துறைக்கும் அதில் பாதிப் பாதி ஆறுதல் உண்டு.

கட்டடப் பொறியாளர்கள் கேட்கும் வேறு கேள்வி

புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் பொறியாளர்கள் 1980-களின் இறுதியிலிருந்தே குழாய்களை அளக்கத் தொடங்கினார்கள். சுத்தமா என்று பார்ப்பதற்காக அல்ல. கசிகிறதா என்று பார்ப்பதற்காக. ஜேம்ஸ் கம்மிங்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் மத்திய புளோரிடா வீடுகளில் கண்டது, ஏ.சி. விசிறி ஓடும்போது வீட்டுக்குள் வெளிக்காற்று நுழையும் வேகம் பல மடங்கு உயர்கிறது என்பது. காரணம் கசியும் குழாய்கள். பழுது பார்த்த வீடுகளில் குளிரூட்டலுக்கான மின்செலவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது.

இது தூசிக் கேள்வியோடு எப்படிச் சேர்கிறது? ரிட்டர்ன் குழாயில் பரணுக்குள் ஒரு விரிசல் இருந்தால், விசிறி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அது பரணின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றில் 50 டிகிரி வெப்பமும், வெளியின் ஈரமும், கூரைப் பஞ்சின் இழைகளும், எலி எச்சத்தின் துகள்களும் உண்டு. விரிசல் ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால் இவை எதுவும் வடிகட்டப்படாமல் நேராகக் காயிலில் போய்ப் படியும். எதிர்ப்பக்கத்தில் சப்ளை குழாய் பரணுக்குள் கசிந்தால், வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, கதவிடுக்கிலும் மின்பொத்தான் துளைகளிலும் புழுக்கக் காற்று உள்ளே வரும். இப்படிப்பட்ட வீட்டில் குழாயை எத்தனை முறை துடைத்தாலும் அழுக்கு வந்துகொண்டே இருக்கும். வழக்கமான வீட்டில் குழாய்க் கசிவால் 20 முதல் 30 விழுக்காடு காற்று வீணாகிறது என்பது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்லும் கணக்கு.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கசிவை அடைக்கும் முயற்சிக்கு இரண்டு விதங்களில் பங்களித்தது. 1998-ல் அங்கே நடந்த சோதனையில், 'டக்ட் டேப்' என்ற பெயரில் விற்கும் துணி நாடா டக்டின் வெப்பநிலை ஏற்றத்தாழ்வில் சீக்கிரமே பிடிப்பை இழந்தது. இணைப்புகளில் பூசும் மாஸ்டிக் பசை நிலைத்தது. அதே ஆய்வகத்தில் மார்க் மோடேரா உருவாக்கிய ஏரோசீல் முறை, குழாய்க்குள் பசைத் துகள்களைக் காற்றோடு செலுத்தி விரிசல்களை உள்ளிருந்தே அடைக்கிறது. இன்று சுத்திகரிப்போடு சேர்த்து அதையும் செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இரு தரப்பும் சந்திக்கக்கூடிய இடம் அது.

இந்தத் தரப்பு காட்டும் ஒரு சிறிய உதாரணத்தை நெருங்கிப் பார்ப்பது நல்லது. படுக்கையறைக் கூரையில் சப்ளை சல்லடையைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. வீட்டுக்காரர் குழாய் முழுக்கப் பூஞ்சை என்று பயப்படுகிறார். பல வீடுகளில் நடப்பது வேறு. சல்லடைக்கு மேலே உள்ள தகரப் பெட்டிக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே விரல் நுழையாத ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே பரணின் ஈரக்காற்று இறங்கி, குளிர்ந்த விளிம்பைத் தொட்டு நீராகிறது. நீரும் தூசியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வருகிறது. அந்த இடைவெளியை அடைத்தால் புள்ளிகள் திரும்ப வருவது நிற்கலாம். மெழுகுவத்திப் புகை படிந்தும் இதே போன்ற கறை வரும். கறையின் ஒரு துளியை ஒட்டு நாடாவில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அது பூஞ்சைதானா என்று குறைந்த செலவில் உறுதி செய்யலாம் என்று இ.பி.ஏ. கையேடே வழி சொல்கிறது.

காயில், தட்டு, விசிறி

மூன்று தரப்புகளும் ஓரளவு ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. குழாயைவிட இயந்திரத்தின் வயிற்றுப்பகுதி முக்கியமானது. ஈரப் பிரதேசத்தில் கூலிங் காயில் கோடை முழுவதும் நனைந்தே இருக்கும்; அதன் அடியில் உள்ள தட்டில் நீர் சொட்டும்; வடிகுழாய் பாசி பிடித்து அடைத்தால் தட்டு நிரம்பிப் பரணில் வழியும். பெர்க்லி ஆய்வாளர்கள் 2002-ல் கணித்தபடி, சாதாரண வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் காயிலில் படியும் தூசி, அதன் ஊடே காற்று செல்வதற்கான தடையை இரட்டிப்பாக்கிவிடும்.

மான்ட்ரியல் அலுவலகக் கட்டடங்களில் நடந்து 2003-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. காயில் மீதும் தட்டின் மீதும் புற ஊதா விளக்கைச் செலுத்தியபோது அந்தப் பரப்புகளின் நுண்ணுயிர்கள் பெருமளவு குறைந்தன. பணியாளர்களின் மூச்சு, சளிச்சவ்வு உபாதைகளும் குறைந்தன. அலுவலகத்தில் கண்டது வீட்டுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்த ஆய்வு குழாயைத் தொடவே இல்லை.

இயந்திரத்தின் அளவும் இதில் சேரும். தேவைக்கு மேல் பெரிய ஏ.சி. வைத்தால் வீடு சட்டென்று குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும்; ஈரத்தை இழுக்க நேரம் போதாது. விசிறியை எப்போதும் ஓடும்படி விட்டால், கம்ப்ரஸர் நின்ற பிறகு காயிலில் தங்கிய நீர் மறுபடி ஆவியாகி வீட்டுக்கே திரும்பும் என்பதையும் புளோரிடா சூரிய ஆற்றல் மையம் அளந்து காட்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஆட்டோ' நிலையில் வைப்பதற்குக் காசு செலவில்லை.

பூஞ்சையும் உடல்நலமும்

2001-ல் டெக்சஸின் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸில் பூஞ்சை பிடித்த ஒரு மாளிகை தொடர்பான காப்பீட்டு வழக்கில் நடுவர் குழு 3 கோடியே 20 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. பிறகு அந்தத் தொகை மிகவும் குறைக்கப்பட்டாலும், மாநிலம் முழுவதும் பூஞ்சை பற்றிய பயம் பரவியது. 2003-ல் டெக்சஸ் சட்டமன்றம் பூஞ்சை அகற்றும் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. 25 சதுர அடிக்கு மேல் தொடர்ச்சியாகப் பூஞ்சை இருந்தால் உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும். ஒரே வேலையில் மதிப்பிடுபவரும் அகற்றுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி மிகவும் நல்லது. நோயைக் கண்டுபிடிப்பவருக்கே மருந்து விற்கும் ஆதாயமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. டக்ட் சுத்திகரிப்பில், பூஞ்சையின் அளவு அந்த வரம்புக்குக் கீழே இருக்கும்போது, அப்படியொரு பிரிவினை இல்லை. கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் படம் காட்டுபவரே விலையும் சொல்கிறார். டக்ட் சுத்திகரிப்புக்கு டெக்சஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்கள் தனி உரிமம் கேட்பதாக இ.பி.ஏ. குறிப்பிட்டாலும், உரிமம் இந்த ஆதாய முரணைத் தீர்ப்பதில்லை. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட வேண்டிய குறை இதுதான்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா மோசமடைதல் ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் எனும் மருத்துவ நிறுவனத்தின் 2004 அறிக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலும் ஏற்கின்றன. ஆனால் இத்தனை பூஞ்சை வித்துகள் இருந்தால் ஆபத்து என்ற எண்ணை உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதையே அது முதன்மையாகச் சொல்கிறது. ஆகவே 'உங்கள் குழாயில் இத்தனை வித்துகள்' என்ற எண்ணை மட்டும் காட்டிச் சொல்லப்படும் எச்சரிக்கையைக் கவனத்தோடு அணுக வேண்டும்.

உட்புறம் பஞ்சு பதித்த குழாய்களில் பூஞ்சை வந்துவிட்டால் நிலைமை கடினம். 1990-களில் இ.பி.ஏ. ஆதரவோடு நடந்த ஆய்வகச் சோதனைகளில், தூசி படிந்து ஈரமான ஃபைபர் கிளாஸில் பூஞ்சை எளிதாக வளர்ந்தது. வேக்குவம் செய்த பிறகு சில வாரங்களிலேயே பழைய அளவுக்குத் திரும்பியது. நனைந்த பஞ்சைக் கழற்றி எறிந்து புதிது போடச் சொல்வது அதனால்தான். கிருமிநாசினி தெளிப்பது விடையாகுமா என்றால், பஞ்சு பதித்த குழாய்களுக்குள் பயன்படுத்த எந்தக் கிருமிநாசினியும் இ.பி.ஏ.யில் பதிவு செய்யப்படவில்லை என்று அந்தக் கையேடு எச்சரிக்கிறது. ஓசோன் கருவிகளைப் பற்றிய முகமையின் கருத்து இன்னும் கடுமையானது. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு.

வெள்ளத்துக்குப் பின்

2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின் மழையில் ஹூஸ்டன் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நீர் புகுந்தது. பரணில் இருந்த குழாய்கள் பல வீடுகளில் நேரடியாக மூழ்கவில்லை. ஆனால் கீழே சுவர்ப்பலகை ஊறிக் கிடக்க, மேலே மின்சாரம் இல்லாமல் ஈரம் நாள்கணக்கில் தேங்கியது. சுவரைப் பெயர்த்த தூசியும் சேர்ந்தது. 2021 பிப்ரவரி உறைபனியில் பரணில் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் வெடித்து டக்டின் மேலேயே கொட்டின. இத்தகைய வீடுகளில் அமைப்பைப் பரிசோதித்துச் சுத்தம் செய்யாமல் ஏ.சி.யை ஓட்டக் கூடாது என்பதில் தயங்குபவர்களும் கருத்து வேறுபடுவதில்லை. வெள்ளநீர் பட்ட பஞ்சை மாற்ற வேண்டும் என்பதைத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷின் வழிகாட்டுதலும் சொல்கிறது. வீட்டைப் புதுப்பித்த பிறகு குழாயில் ஜிப்சம் தூள் கனமாகப் படிந்திருந்தாலும் சுத்திகரிப்பு நியாயமான செலவே.

எது இன்னும் தீரவில்லை

சான்றுகளை எடைபோட்டால், வெள்ளமோ எலியோ தெளிவான பூஞ்சையோ இல்லாத வீட்டில், கால இடைவெளி வைத்துச் செய்யும் சுத்திகரிப்புக்கு ஆதரவு மெலிந்தே நிற்கிறது. சுத்திகரிப்புக்குச் செலவிடும் 500 டாலரைக் கசிவு அடைப்பிலும், காயில் கழுவுவதிலும், ஓரம் இடைவெளி விடாமல் பொருந்தும், மெர்வ் எனும் வடிகட்டும் திறன் அளவில் 8 முதல் 13 வரையிலான ஃபில்டரிலும் போடுவது புழுக்கமான ஊரில் பெரும்பாலும் அதிகப் பலன் தரும். ஆனால் மெர்வ் 13-ஐத் தாங்காத பழைய விசிறிகளும் உண்டு; அங்கே காற்றோட்டம் குறைந்து காயில் உறையலாம்.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது கடினம். கடும் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டிலோ, உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் இருக்கும் வீட்டிலோ, மற்றவர்களுக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத மாசும் பொருட்படுத்த வேண்டியதாகலாம். அவர்களை மட்டும் கொண்டு, ஈரப் பிரதேசத்தில், ஓர் ஆண்டு முழுவதும், சுத்தம் செய்த வீட்டையும் செய்யாத வீட்டையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வுதான் இங்கே பெரிய இடைவெளி. அப்படிச் செய்தால் கசிவு அடைப்பையும் மூன்றாவது பிரிவாகச் சேர்த்தாக வேண்டும். இல்லையெனில் பயன் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஃப்ளெக்ஸ் டக்ட் எத்தனை சுத்திகரிப்புகளைத் தாங்கும், எந்தக் கட்டத்தில் மாற்றுவதே மலிவு என்பதும் கேட்கப்பட வேண்டியவை.

கட்டட விதிகளும் மாறிவருகின்றன. 2009-ன் சர்வதேச ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு, குளிரூட்டப்படாத இடத்தில் ஓடும் குழாய்களுக்குக் கசிவுச் சோதனை கேட்கத் தொடங்கியது. கூரையின் அடிப்பக்கத்தில் நுரை தெளித்துப் பரணையே மூடி, குழாய்களைக் குளிர்ந்த பகுதிக்குள் கொண்டுவரும் வீடுகளும் ஹூஸ்டன் புறநகர்களில் கூடிவருகின்றன. அங்கே குழாயின் மேல் 50 டிகிரிக் காற்று படாது. ஆனால் மூடிய பரணின் உச்சியில் ஈரம் தேங்கும் சிக்கல் சில வீடுகளில் தலைகாட்டியிருக்கிறது. அந்த வீடுகளின் குழாய்கள் இருபது ஆண்டு ஓடிய பிறகு திறந்து பார்க்கப்படும்போது, பழைய வகைப் பரணின் குழாய்களோடு அவற்றை ஒப்பிடும் வாய்ப்பு கிடைக்கும். கசிவுச் சோதனை முடிவுகளையும் பரணின் ஈரப்பத அளவுகளையும் இப்போதிருந்தே பதிவு செய்து வைத்தால்தான் அந்த ஒப்பீடு பயன்படும்.